பால்பல் கேட்டு அலைந்த பன்னிரண்டு நாட்கள்

"சுத்தமான குழந்தைகளின் பற்கள் வேண்டும்" என்றார் என் பேராசிரியர்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில் நகரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கார்ப் புகையில் வரும் காரீயம் குழந்தைகளின் உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்பது எங்கள் ஆராய்ச்சி. ரத்தத்தில் சேரும் காரீயம் நாளடைவில் குறைந்துவிடும். பல்லில் சேர்ந்தது அப்படியே தங்கிவிடும். அதனால் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து அளப்போம். அந்த நகரத்துக் குழந்தைகளின் பற்கள் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க, கார் இல்லாத ஊர் ஒன்று தேவைப்பட்டது.

"உன் ஊரில் கார் உண்டா?" என்று கேட்டார்.

என் ஊர் திருநின்றவூர். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் தெருவில் அன்றைக்கு சைக்கிள்தான் உண்டு. "இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக என்மேல் எனக்கே இன்றும் கோபம் உண்டு.

வந்து இறங்கிய அன்று அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வருஷம் அவித்த உருளைக்கிழங்கு தின்ற நாக்குக்கு மூன்று தட்டு சோறு போதவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பல்லா? சீமைக்குப் படிக்கப் போனவ பல்லு பொறுக்கவா வந்திருக்கே? சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே எஸ்தரு."

அப்பா மறுநாள் வேலையிலிருந்து வரும்போது, உள்ளே தடுப்புகள் வைத்து அவரே செய்த தகர டப்பா ஒன்றைக் கொண்டு வந்தார்.

முதல் மூன்று நாட்கள் எங்கள் ஊரிலேயே போயின. அம்மாவுக்குத் தெரியாமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொஞ்சம் கிடைத்தது. மற்ற வீடுகளில் ஒரே தகராறு. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் அடுத்த பல் முளைக்கும். பல்லை உன்னிடம் கொடுத்துவிட்டால் பிள்ளை பொக்கையாக நிற்காதா என்று தாய்மார்கள் கேட்டார்கள். பல்லை நான் எடுத்துக்கொண்டு, வெறும் சாணி உருண்டையை நானே கூரைமேல் எறிந்து கொடுத்தேன். இங்கிலாந்தில் இதே பல்லுக்குத் தலையணையடியில் காசு வைக்கிறார்கள் என்றேன். "பைத்தியக்காரங்க" என்று சிரித்தாள் ஒருத்தி. சாணிக்கையோடு நின்ற என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருப்பாள்.

நான்காம் நாள், அந்தப் பக்கமும் பல் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். பருத்திப்பட்டு தாண்டியதும் டிரைவர் ஒரு மாட்டுக்காகப் போட்ட பிரேக்கில் என் பை மடியிலிருந்து விழுந்தது. தகர டப்பா திறந்துகொண்டது. கண்ணாடிக் குப்பிகள் உருண்டன, இரண்டு உடைந்தன. பஸ் தரையெல்லாம் குழந்தைகளின் பற்கள்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது?"

"பல்லு. கொழந்தைங்க பால்பல்லு. ஆராய்ச்சிக்கு."

"புள்ளைங்க பல்ல வெச்சிகினு இன்னா ஆராய்ச்சி?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. என் பொட்டில்லாத நெற்றியையும் கையிலிருந்த கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மந்திரம் பண்றவ மாதிரி கீது. அந்தாண்ட போ."

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவர் போலீஸ் என்றார். இன்னொருவர், போன மாசம் பட்டாபிராமில் காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஆரம்பித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். "எறங்கிடும்மா. கலாட்டா வேணாம்." நான் தரையில் முட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் காலைக்கூட நகர்த்தவில்லை. எந்தப் பிள்ளைகளுக்காக அலைகிறேனோ அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லியே என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பஸ் நகர்ந்து இருபதடி போய் மறுபடி நின்றது. காலிக் கூடையோடு ஒருத்தி இறங்கி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். உள்ளங்கையை விரித்தாள்.

"இத்த வுட்டுட்டு வந்துட்டியே. சீட்டு அடில கெடந்துச்சு."

ஒரு முன்பல். அதைக் கொடுப்பதற்காக பஸ்ஸை விட்டிருந்தாள். பெயர் கன்னியம்மா. ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு நூம்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பூந்தமல்லி வரை நடந்தோம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். "உன் பேரு இன்னா? எஸ்தரா? வேதக்காரங்களா?" என்று விசாரித்துக்கொண்டாள். நான் பல்லைப் பற்றிச் சொன்னதை வடகறியைத் தொடாமல் கேட்டாள்.

"எம்பொண்ணு செல்விக்குப் போன வாரந்தான் ரெண்டு பல்லு வுழுந்துச்சு. கூரமேல போட்டேன். தேடினா கெடைக்கும். நாளைக்கு வரியா?"

ஐந்தாம் நாள் வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பலுக்கு நடந்தேன். பாதி வயல்களில் மனைக்கல் நட்டிருந்தார்கள். மீதியில் கீரைப் பாத்திகள். கன்னியம்மாவின் வீட்டை நெருங்கும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு. அமில வாடை. எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மட்டுமே இருக்கும் வாடை.

அவள் வீட்டுக்கு நாலாவது மனையில் ஒரு கொட்டகை. வாசலில் பழைய லாரி பாட்டரிகள் குவிந்து கிடந்தன. ஒரு ஆள் கோடாலியால் பாட்டரியைப் பிளந்து, அமிலத்தைக் கால்வாயில் கவிழ்த்து, உள்ளே இருந்த தகடுகளைக் கூடையில் போட்டான். உள்ளே பெரிய இரும்புச் சட்டியில் தகடுகள் உருகிக்கொண்டிருந்தன. அந்தப் புகை தாழ்வாக, சோம்பலாக, வீடுகளின் மேல் போய்க்கொண்டிருந்தது. காரீயத்துக்காகக் கடல் கடந்து வந்தவள் நான். அது நூம்பலில் கரண்டி கரண்டியாக அள்ளி ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் நேராகக் கீரைப் பாத்திக்குப் போனது.

கன்னியம்மாவின் புருஷன் முனுசாமிக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை. அன்றைக்கு வயிற்று வலி என்று வீட்டில் இருந்தான். பல் தேட அவனே கூரைமேல் ஏறினான். ஓலையைத் தடவியவனின் கை முழங்கை வரை சாம்பல் நிறமாயிற்று. சாணி உருண்டையோடு இறங்கி வந்து, "கெடச்சிருச்சும்மா" என்று சிரித்தான். ஈறின் ஓரத்தில் நீலக் கோடு ஓடியது. காரீய விஷத்தின் அடையாளம் என்று பாடப்புத்தகத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த கோடு.

செல்விக்கு ஆறு வயது. வெளுத்த முகம். "எப்பப் பாத்தாலும் வயிறு நோவுதுங்குது. மண்ணத் துன்னுது, அதான்" என்றாள் கன்னியம்மா.

மத்தியானம் கேழ்வரகுக் கூழும் கீரையும் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் கரைத்த கூழ், அந்தப் பாத்திக் கீரை. கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"இன்னா, எங்க ஊட்ல துன்ன மாட்டியா?"

தின்றேன். ஒரு வேளை தின்பதற்கே எனக்குக் கை தயங்கியது. அவர்கள் மூன்று வேளையும் தின்கிறார்கள் என்ற நினைப்பு கூழைவிடக் கனமாக உள்ளே இறங்கியது.

ஆறாம் நாள் காலையில் பூந்தமல்லி தபாலாபீசிலிருந்து பேராசிரியருக்குத் தந்தி கொடுத்தேன். காரீயம் உருக்கும் கொட்டகை கண்டேன், குழந்தைகள் கடும் பாதிப்பில், மாதிரி எடுக்கிறேன் என்று. பிறகு கொட்டகை முதலாளியைப் பார்க்கப் போனேன். பெயர் தணிகாசலம். மரியாதையான மனிதர். நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நாற்காலிகள் புகை வராத பக்கம் போடப்பட்டிருந்ததைக் கவனித்தேன்.

"இத்தினி வருசமா நான் இங்கதான் குந்திகினு கீறேன். எனுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

"சட்டிகிட்ட நிக்கறவங்களுக்கு ஆகுதே."

"வயலெல்லாம் பிளாட்டாப் பூட்ச்சு. இவங்களுக்கு யாரு வேல குடுப்பா? நீ குடுப்பியாம்மா?"

கோபத்தில் கலரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். 

ஏழாம் நாள் ஓர் அரசு அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதி என்ன ஆகப்போகிறது. பதினொரு மணிக்குப் போனவளை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மனுவை இரண்டு முறை படித்தார்.

"பாதிப்புன்னு எழுதியிருக்கீங்க. டெஸ்ட் ரிசல்ட் எங்கே?"

"பல்லை இங்கிலாந்து கொண்டு போய்த்தான் சோதிக்கணும் சார். அதுக்குள்ள கொட்டகையை நீங்க வந்து ஒரு தடவை பாருங்க."

"ரிசல்ட் வரட்டும், பாக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் வீட்டு வாசலில் தந்திக்காரர் வந்து நின்றார். தந்தி என்றாலே அம்மாவுக்குச் சாவுதான். பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் சாகவில்லை. பேராசிரியரின் பதில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அந்த இடத்தைத் தவிர்க்கவும். சுத்தமான மாதிரிகள் மட்டும் தேவை."

"என்ன எழுதியிருக்கார்?" என்றார் அப்பா.

"நோயில்லாத பிள்ளைங்க பல்லு மட்டும் போதுமாம்பா. நோய் வந்த பிள்ளைங்க கணக்கைக் கெடுக்குதாம்."

அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மடித்து என்னிடமே கொடுத்தார். "நீ என்ன செய்யப் போற?"

சோதனை முடிவு வரும் முன் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி. ஒன்பதாம் நாள் அந்த விதியை மீறினேன். கன்னியம்மா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்களை உட்கார வைத்துப் பேசினேன். புகையில் ஈயம் இருக்கிறது, கூரையில் படிகிறது, மண்ணில், கீரையில், தண்ணீரில் இறங்குகிறது, பிள்ளைகளின் எலும்பிலும் பல்லிலும் மூளையிலும் சேர்கிறது என்றேன்.

"ஈயமா?" என்றாள் ஒருத்தி. "பெரிய ஊட்ல ஈயச் சொம்புலதானே ரசம் வெக்கிறாங்க. நல்லதுன்றாங்களே."

அது வெள்ளீயம், இது காரீயம், அது வேறு இது விஷம் என்று விளக்க அரை மணி நேரம் பிடித்தது. இத்தனை வருஷம் வேதியியல் படித்தும் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் நான் தயாரானதில்லை.

முனுசாமி வேலையிலிருந்து வந்துவிட்டான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

"எல்லாம் சொல்லிட்டியாம்மா? உனுக்கு இன்னா, ஏரோப்ளேன்ல வந்த, ஏரோப்ளேன்ல பூடுவ. அந்தக் கொட்டாய மூடிட்டா நான் எங்க போவேன்?"

"உங்க ஈறுல கோடு இருக்குங்க. கை பலம் குறையுதா இல்லையா, சொல்லுங்க."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "கெளம்பும்மா" என்றான். பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நூம்பலிலிருந்து என்னிடம் இருந்தது செல்வியின் இரண்டு பற்கள் மட்டும். திரும்பி நடக்கும்போது யார்மேல் கோபம் என்றே தெரியாமல் கோபமாக இருந்தது.

பத்தாம் நாளும் அதற்கடுத்த நாளும் பேராசிரியர் கேட்ட சுத்தமான பற்களை வீட்டைச் சுற்றிய தெருக்களில் சேகரித்தேன். மனம் அதில் இல்லை. கிளம்பும் நாள் காலையில் வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்துக்கு ஒருமுறை போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. கன்னியம்மா கீரைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்காக முந்தின நாளும் அங்கேயே நின்றதாகச் சொன்னாள். கூடைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"அஞ்சு ஊட்டுப் பல்லு. அவுங்க ஊட்டுக்காரனுங்களுக்குத் தெரியாது."

பிரித்தேன். ஒவ்வொரு வீட்டுப் பல்லும் தனித்தனித் தாளில், மேலே ஒரு நூல் கட்டி. சிவப்பு நூல் கொட்டகைக்குப் பக்கத்து வீடு, பச்சை நூல் கிணற்றடி வீடு, கறுப்பு நூல் கோயிலடி வீடு என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். எழுதத் தெரியாதவள். எங்கள் ஆய்வகத்தில் பட்டம் பெற்ற இருவர் குப்பிகளுக்கு எண் மாற்றி ஒட்டி ஒரு மாத வேலையைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

"ரிசல்ட்டு வந்தா எனுக்கு எழுது" என்றாள். "போஸ்ட்மேனு படிச்சிக் காட்டுவாரு."

இங்கிலாந்து போன மறுநாள் பேராசிரியர் அறையில் நூல் கட்டிய பொட்டலங்களை மேசைமேல் வைத்தேன். அவர் கெட்டவர் அல்ல. பெட்ரோலில் காரீயம் கலக்கும் கம்பெனிகளை எதிர்த்துத் தனியாளாக நின்றவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது.

"எஸ்தர், கொஞ்சம் யோசி. கார் இல்லாத கிராமத்திலும் குழந்தைகளுக்குக் காரீயம் இருக்கிறது என்று நாமே எழுதினால், கம்பெனி வக்கீல்கள் என்ன சொல்வார்கள்? அப்படியானால் குற்றம் காருடையது இல்லை என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு சண்டைதான் போட முடியும்."

"உங்கள் சண்டை முடியும்போது செல்விக்கு எத்தனை வயதாகியிருக்கும்?"

"அந்தக் குழந்தைகள் என் ஆராய்ச்சியில் இல்லை" என்றார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது நூம்பல் பற்களை நானே சோதித்தேன். முதல் பல்லை அளந்ததும் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். கெடவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் வளர்ந்த இங்கிலாந்துப் பிள்ளைகளின் பற்கள் இவற்றின் முன்னால் ஒன்றுமே இல்லை. செல்வியின் பல்லுக்கு வந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியரின் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். வேறொரு துறையில் வேறொருவரிடம் மறுபடி தொடங்கி, இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்துப் பட்டம் வாங்கினேன். முன்பு மனு கொடுத்த அந்த அரசு அலுவலகத்துக்கு முடிவுகளை அனுப்பினேன். வெளிநாட்டு ஆய்வக முடிவை ஏற்க இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழிக்க எனக்குப் பிடித்த நேரம் ஒரு நிமிஷம்; ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம் என்று பிறகு வருந்தினேன்.

கன்னியம்மாவுக்கும் எழுதினேன். என்ன அளவு, என்ன பொருள், என்ன செய்யலாம் என்று எளிமையாக. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை நூலின் நிறத்தைச் சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை.

பட்டத்தோடு சென்னை திரும்பி, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த வாரமே நூம்பலுக்குப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. நடந்ததைக் கன்னியம்மா சொன்னாள். தபால்காரர் என் கடிதத்தைத் தெருவில் நின்று சத்தமாகப் படித்தாராம். அதற்கடுத்த நாள் காலையில் பாட்டரி லாரியை மறித்துப் பெண்கள் குந்திக்கொண்டார்களாம். மூன்று நாள் எழுந்திருக்கவில்லையாம். தணிகாசலம் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செல்வி வளர்ந்திருந்தாள். வயிற்று வலி இல்லை. பள்ளியில் எழுத்து நிற்கவில்லை, வாத்தியார் மூன்றாம் வகுப்பிலேயே திரும்ப உட்கார வைத்திருக்கிறார் என்றாள் கன்னியம்மா. அதற்குக் காரணம் இதுதானா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அந்த வார்த்தை அவளுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

"கொட்டாய் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"நசரத்பேட்டையாண்ட. செங்கல் சூளைக்குப் பின்னால. அங்க ஒரு தெருவே கீது, நெறைய புள்ளைங்க. எங்க ஊட்டுக்காரரு சைக்கிள்ள அங்கதான் வேலைக்குப் போறாரு. கை சரியா வரல, இருந்தாலும் போறாரு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "போன வாரங்கூட நான் போயி அந்தப் பொம்பளைங்க கிட்ட சொன்னேன். 'எங்க ஆளுங்க வேலயக் கெடுக்க வந்தியா'ன்னு தொரத்திட்டாளுங்க."

"பிறகு?"

"பிறகு இன்னா. மறுபடி போவணும். நீயும் வா. லெட்டரும் வெச்சிகினு கீறேன்."

நான் எழுதிய கடிதம் மடிப்புகளில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பேரும் வேலப்பன்சாவடிக்கு நடந்தோம். நசரத்பேட்டை பக்கம் போகும் பஸ் கூட்டத்தோடு வந்து நிற்காமலே போயிற்று. அடுத்ததற்கு நாங்கள் காத்திருக்கவில்லை. கன்னியம்மா ரோட்டைத் தாண்டி மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தாள்.